ஆப்பிரிக்கக் காட்டு நாய்கள்: கூட்டு வாழ்க்கையும் உயிர்பிழைப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கத்தையும் சிறுத்தையையும் பற்றி அறிந்த அளவுக்கு ஆப்பிரிக்கக் காட்டு நாய்களைப் பற்றி நம்மில் பலரும் அறிந்ததில்லை. கீழே உள்ள பதில்கள் தனி நாயைவிட அதன் கூட்டத்தையே அதிகமாகப் பேசுகின்றன. கூட்டத்தை இழந்த காட்டு நாய் குட்டிகளை வளர்க்க இயலாது. அது நெடுநாள் பிழைத்திருப்பதே அரிது.

இது வீட்டு நாய் காட்டுக்குப் போய் மாறிய இனமா?

இல்லை. இது லைகான் என்ற பேரினத்தில் இன்று உயிரோடு எஞ்சியிருக்கும் ஒரே இனம். இதன் அறிவியல் பெயர் லைகான் பிக்டஸ். வீட்டு நாயின் மூதாதையான ஓநாயின் வழியிலிருந்து இதன் வழி பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது. வீட்டு நாயோடு இது இனக்கலப்புச் செய்வதுமில்லை. 1820-இல் டச்சு விலங்கியலாளர் டெம்மிங்க், மொசாம்பிக் கடற்கரைப் பகுதியிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு இதை முதன்முதலாக விவரித்தபோது, கழுதைப்புலி வகைகளுள் ஒன்றாகவே கருதினார். தனிப் பேரினம் என்ற தெளிவு சில ஆண்டுகள் கழித்தே வந்தது.

வளர்ந்த நாய் ஏறத்தாழ 20 முதல் 30 கிலோ எடை இருக்கும். தெற்கு ஆப்பிரிக்கப் பகுதிகளில் உள்ளவை கிழக்கில் உள்ளவற்றைவிடச் சற்றுப் பெரியவை. அகன்று வட்டமாக நிமிர்ந்த காதுகள், மெலிந்த நீண்ட கால்கள், கறுப்பும் மஞ்சளும் பழுப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாகக் கலந்த தோல், பெரும்பாலும் வெள்ளையாக முடியும் வால் ஆகியவை இதன் அடையாளங்கள். மற்ற நாய்க் குடும்ப விலங்குகளின் முன்னங்காலில் ஐந்தாவதாக ஒரு சிறுவிரல் சற்று மேலே ஒட்டியிருக்கும். இதற்கு வெளியே தெரிவது நான்கு விரல்களே. தோலின் திட்டுகள் எந்த இரண்டு நாய்களுக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. அதனால் ஒளிப்படங்களைக் கொண்டே ஒவ்வொரு நாயையும் அதன் ஆயுள் முழுவதும் அடையாளம் கண்டு தொடர முடிகிறது. இவற்றைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இந்த வசதியால் கிடைத்தது.

முதுமலையிலும் பந்திப்பூரிலும் காணும் செந்நாய்க்கும் இதற்கும் உறவு உண்டா?

உண்டு. இரண்டும் வெவ்வேறு பேரினங்களைச் சேர்ந்தவை என்றாலும் நாய்க் குடும்பத்துக்குள் நெருங்கிய உறவினர்கள். பழங்காலத்தில் இவ்விரண்டின் முன்னோர்களுக்கிடையே இனக்கலப்பு நிகழ்ந்திருப்பதற்கான தடயங்களை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. இரண்டும் பகலில் கூட்டமாக வேட்டையாடுபவை, ஏறக்குறைய இறைச்சியை மட்டுமே உண்பவை, குட்டிகளுக்கு இரைப்பையிலிருந்து இறைச்சியைக் கக்கி ஊட்டுபவை. நீலகிரியில் செந்நாய்க் கூட்டம் புள்ளிமானைச் சூழ்வதைக் கண்டவர்களுக்கு ஆப்பிரிக்கக் காட்டு நாயின் வேட்டை முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. இரண்டு இனங்களும் இன்று அழியும் நிலையில் உள்ளவையாக வகைப்படுத்தப்பட்டிருப்பது வருத்தத்துக்குரிய மற்றோர் ஒற்றுமை.

ஒரு கூட்டம் எப்படி உருவாகிறது? அதில் எத்தனை நாய்கள் இருக்கும்?

ஓராண்டு, இரண்டாண்டு கடந்த இளம் நாய்கள் தாம் பிறந்த கூட்டத்தை விட்டுப் பிரிகின்றன. அவை தனித்தனியாகப் போவதில்லை. சகோதரிகள் ஒரு குழுவாகவும் சகோதரர்கள் ஒரு குழுவாகவும் புறப்படுகிறார்கள். வேறொரு கூட்டத்திலிருந்து பிரிந்து வந்த எதிர்பாலினக் குழுவைச் சந்தித்து, இரண்டும் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்டால் புதிய கூட்டம் பிறக்கிறது. ஆகவே தொடக்கத்தில் ஒரு கூட்டத்தின் பெண்கள் தமக்குள் உறவினர், ஆண்கள் தமக்குள் உறவினர், இரு தரப்புக்கும் இடையே உறவு கிடையாது. நெருங்கிய உறவுக்குள் இணைசேர்வது இதனால் இயல்பாகவே தவிர்க்கப்படுகிறது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நடந்த ஆய்வும், இவை நெருங்கிய உறவினரோடு இணைசேர மறுப்பதை உறுதிப்படுத்தியது. வெளியிலிருந்து புதிய குழு வந்து சேர வழியில்லாத சிறிய காப்பகத்தில் இந்த நற்பண்பே ஆபத்தாகிவிடும், ஏனெனில் உறவினர் மட்டுமே எஞ்சிய இடத்தில் இனப்பெருக்கம் நின்றுபோகும்.

பொதுவாகக் கூட்டம் ஒன்றில் வளர்ந்த நாய்கள் ஐந்து முதல் பத்து வரை இருக்கும். குட்டிகளையும் ஓராண்டு நிரம்பிய இளையவற்றையும் சேர்த்து இருபது, முப்பது என்று எண்ணிக்கை ஏறும் கூட்டங்களும் உண்டு.

தலைமை இணை மட்டும்தான் குட்டி போடுமா?

பெரும்பாலும் அப்படித்தான். கூட்டத்தில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் தலைமை இணையாக இருக்கும். அவை எப்போதும் அருகருகே நடக்கும். பெண் சிறுநீர் கழித்த இடத்தின் மேலேயே ஆணும் கழித்துத் தம் இணைப்பை அறிவிக்கும். இந்தத் தலைமை அன்றாடச் சண்டையால் காக்கப்படுவதில்லை. உறுமலும் கடியும் இவற்றின் நடுவே மிகக் குறைவு. பணிந்து தலை தாழ்த்துவதும் வாயை நக்கிக் கெஞ்சுவதுமே உறவை நடத்திச் செல்கின்றன. சில ஆண்டுகளில் தலைமையல்லாத பெண்ணும் ஈனும். அப்போது தலைமைப் பெண் அந்தக் குட்டிகளைக் கொன்றுவிடுவதும் உண்டு, தன் குட்டிகளோடு சேர்த்து வளர்ப்பதும் உண்டு. தலைமைப் பெண் இறந்துவிட்டால் கூட்டமே சிதறிப் போவதைப் பல களங்களில் பார்த்திருக்கிறார்கள்.

குட்டிகளை எப்படி வளர்க்கின்றன?

இவற்றின் வாழ்க்கையில் மிகவும் ஆழ்ந்து பார்க்க வேண்டிய பகுதி இதுவே என்பது என் எண்ணம். கருக்காலம் ஏறத்தாழ 70 நாட்கள். ஒரே ஈற்றில் சராசரியாகப் பத்துக் குட்டிகள் பிறக்கின்றன. இருபது வரை பிறந்ததும் உண்டு. நாய்க் குடும்பத்தின் காட்டு இனங்களில் சராசரி ஈற்று இவ்வளவு பெரிதாக இருப்பது மிக அரிது. இத்தனை குட்டிகளுக்கு ஒரு தாயால் மட்டும் உணவு தேட முடியாது. கூட்டம் முழுவதும் தோள் கொடுப்பதால்தான் இது இயலுகிறது.

கறையான் தின்னும் ஆர்ட்வார்க் என்ற விலங்கு தோண்டிவிட்டுப் போன பழைய வளையைத் தாய் தேர்ந்தெடுக்கும். அடுத்த மூன்று மாதம், நாளெல்லாம் அலைந்து திரியும் அந்தக் கூட்டம் அவ்வளையைச் சுற்றியே கட்டுண்டு கிடக்கும். தொடக்க வாரங்களில் தாய் வளையை விட்டு அகலாது. வேட்டைக்குப் போன நாய்கள் வயிறு நிறைய இறைச்சியோடு ஓடிவரும்போது தாய் எதிர்கொண்டு, காதுகளை மடக்கி, கீச்சுக் குரலில் கத்திக்கொண்டு அவற்றின் வாயோரத்தை முட்டும். வந்த நாய் தலையைக் குனிந்து, இன்னும் செரிக்காத சிவந்த இறைச்சித் துண்டுகளை அதன் முன்னே கக்கும். மூன்று, நான்கு வார வயதில் குட்டிகளும் வளையின் வாய்க்கு வந்து அதே போல் கெஞ்சத் தொடங்கும். தந்தை, மாமன், அத்தை, சென்ற ஆண்டு பிறந்த அண்ணன், அக்கா என எவரும் இதிலிருந்து விலக்கு இல்லை. கூட்டம் வேட்டைக்குப் புறப்படும்போது வளர்ந்த நாய் ஒன்று காவலாகப் பின்தங்கும். அதற்கும் திரும்பி வருபவையே உணவு தரும்.

குட்டிகள் கூட்டத்தோடு ஓடும் வயதை அடைந்த பின்னரும் இந்த முறை தொடர்கிறது. வீழ்த்திய இரையில் முதலில் வாய் வைப்பவை குட்டிகளே. பெரியவை சற்று விலகி நின்று கழுதைப்புலி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். சிங்கக் கூட்டத்தில் பெரியவை தின்று மிஞ்சியதே குட்டிக்குக் கிடைக்கும் என்பதோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். கால் ஒடிந்தோ வயது முதிர்ந்தோ வேட்டைக்கு வர இயலாத நாய்களுக்கு மற்றவை கக்கி உணவளித்ததும், அவை பின்னால் நொண்டி வந்து இரையில் பங்கு பெற மற்றவை இடம் விட்டதும் பதிவாகியுள்ளன.

இத்தனை பராமரிப்பு இருந்தும், பல பகுதிகளில் குட்டிகளில் பாதியளவு முதலாண்டைத் தாண்டுவதில்லை.

கூட்டம் சிறியதாக இருந்தால் என்ன ஆகும்?

நான்கு பெரியவை மட்டும் உள்ள கூட்டத்தில் ஒன்று தாயாக வளையில் இருக்கிறது, ஒன்று காவலுக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதமுள்ள இரண்டும் பத்துக் குட்டிகளுக்கும் நான்கு பெரியவற்றுக்கும் வேட்டையாட வேண்டும். இறைச்சி போதவில்லை என்றால் காவலாளையும் வேட்டைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கும். அப்போது வளை பாதுகாப்பின்றிக் கிடக்கும். சிம்பாப்வேயில் நடந்த ஆய்வு இந்த இக்கட்டை அளந்து காட்டியது: வளர்ந்தவை ஐந்துக்குக் குறைந்த கூட்டங்கள் காவலாளை நிறுத்தும் வாய்ப்பு குறைகிறது. ஆகவே ஒரு கூட்டத்தில் இரண்டு நாய்கள் கண்ணியில் சிக்கி இறந்தால் இழப்பு அந்த இரண்டோடு நிற்பதில்லை. அந்த ஆண்டின் குட்டிகளும் கூடவே போய்விடக்கூடும். பாதுகாப்புத் திட்டங்கள் நாய்களின் எண்ணிக்கையோடு கூட்டங்களின் எண்ணிக்கையையும் அளவையும் கணக்கெடுப்பது இதனால்தான்.

இவை தும்மலால் வாக்களிக்கின்றன என்பது உண்மையா?

ஒரு வரம்புக்குள் உண்மை. மாலை வெயில் தணியும்போது, நிழலில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்த நாய்களில் ஒன்று எழுந்து, தலையைத் தாழ்த்தி, வாயைச் சற்றே திறந்து, காதுகளைப் பின்னுக்கு மடக்கியபடி மற்றவற்றை நோக்கி நடக்கும். அடுத்தடுத்து மற்றவையும் எழுந்து, ஒன்றையொன்று முகர்ந்து, வாயை நக்கி, வாலை உயர்த்தி, பறவைகள் கூவுவது போன்ற மெல்லிய குரல்களோடு சுழன்று சுழன்று ஓடும். இந்தக் கூடல் முடிந்ததும் சில வேளை கூட்டம் வேட்டைக்குக் கிளம்பும். சில வேளை மறுபடியும் படுத்துவிடும்.

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ கழிமுகப் பகுதியில் ஐந்து கூட்டங்களின் 68 கூடல்களைக் கவனித்த ஆய்வாளர்கள், மூக்கிலிருந்து விசையோடு காற்றை வெளிவிடும் தும்மல்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குக் கூட்டம் கிளம்பும் வாய்ப்பும் அதிகம் என்று 2017-இல் வெளியிட்டனர். தலைமை இணையில் ஒன்று கூடலைத் தொடங்கியிருந்தால் ஏறத்தாழ மூன்று தும்மல்களே போதுமாக இருந்தன. கீழ்நிலையில் உள்ள நாய் தொடங்கியிருந்தால் பத்து அளவுக்குத் தேவைப்பட்டன. இதை மனிதரின் தேர்தலோடு ஒப்பிடுவது மிகை. ஆனால், தலைமையின் விருப்பத்துக்குக் கூடுதல் எடை இருந்தாலும் அது ஒன்றே முடிவைத் தீர்மானிப்பதில்லை என்பது இந்த எண்ணிக்கையில் தெளிவாகத் தெரிகிறது.

ஆப்பிரிக்காவின் மிகச் சிறந்த வேட்டையாடி இதுதானா?

இப்படிச் சொல்லப்படுவதைப் பல இடங்களில் காணலாம். ஆனால் எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே இதற்குப் பதில் சொல்ல முடியும். தான்சானியாவின் செரெங்கெட்டி போன்ற திறந்த சமவெளியில், கூட்டம் முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு கணக்கிட்டால், வேட்டைகளில் பாதிக்கு மேல் வெற்றி பெறுகின்றன. சிங்கத்துக்குக் கிடைக்கும் வெற்றியைவிட இது மிகவும் அதிகம். அங்கே தாம்சன் சிறுமானையோ வில்டபீஸ்ட் என்ற பெரிய மானின் கன்றையோ பல கிலோமீட்டர் விடாமல் துரத்திக் களைக்கச் செய்வதும் உண்மைதான்.

ஒகவாங்கோவின் புதர்க்காட்டில் காட்சி வேறு. அங்கே ஆறு நாய்கள் கொண்ட ஒரு கூட்டத்தின் எல்லா உறுப்பினருக்கும் நுண்ணிய அசைவுமானி பொருத்திய கழுத்துப்பட்டைகளை அணிவித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட துரத்தல்களைப் பதிவு செய்து 2016-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவை குறுகிய, வேகமான, தனித்தனித் துரத்தல்கள். ஒவ்வொரு நாயும் தான் கண்ட இம்பாலா மானைத் தன் போக்கில் விரட்டியது; அத்துரத்தல்களில் ஏறத்தாழ 15 விழுக்காடே வெற்றி பெற்றன. ஆனால் யார் வீழ்த்தினாலும் அது எல்லோருக்கும் உணவு. தனி நாயின் தோல்விகள் பலவாக இருந்தும் கூட்டம் பசியோடு உறங்காமல் இருப்பது, திட்டமிட்ட வியூகத்தைவிடப் பங்கிடும் பழக்கத்தால்தான் என்பது இந்த ஆய்வின் முடிவு. எனக்கு இது பழைய வியூகக் கதைகளைவிட வியப்பளிக்கிறது.

பெரும்பாலும் விடியற்காலையிலும் அந்தியிலும் வேட்டையாடுகின்றன. நிலவொளி மிகுந்த இரவுகளிலும் வெளியே செல்வதுண்டு.

உயிரோடு இரையைக் கிழிக்கும் கொடிய விலங்கு என்று சொல்வது சரியா?

இவை இரையின் கழுத்தைப் பிடித்து மூச்சை அடைத்துக் கொல்வதில்லை; பல நாய்கள் சேர்ந்து வயிற்றுப் பகுதியைக் கிழித்து வீழ்த்துகின்றன. பார்ப்பதற்குக் கடினமான காட்சிதான். ஆனால் நடுத்தர மான் ஒன்று பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் உயிர் விடுகிறது. பெரிய பூனையினம் குரல்வளையைக் கவ்வி மூச்சடைத்துக் கொல்ல ஆகும் நேரத்தைவிட இது எப்போதும் அதிகம் என்று சொல்ல இடமில்லை. இந்த ஒரு காட்சியின் பெயரால் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இவை அழிக்கப்பட வேண்டிய விலங்காக அறிவிக்கப்பட்டன. தேசியப் பூங்காக்களுக்குள்ளேயே காவலர்கள் இவற்றைச் சுட்டார்கள். இன்றைய சிம்பாப்வே நிலப்பரப்பில் மட்டும் 1956 முதல் 1975 வரை மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை அரசுக் கணக்கிலேயே கொல்லப்பட்டன. அந்தப் பழியின் சுமையை இந்த இனம் இன்றும் சுமக்கிறது.

சிங்கமும் கழுதைப்புலியும் எந்த அளவுக்கு ஆபத்து?

காட்டு நாய்களின் இயற்கையான இறப்புகளில் சிங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பெரியவை, குட்டிகள் இரண்டையும் அது கொல்கிறது, ஆனால் தின்பது அரிது. ஆகையால் சிங்கங்கள் செறிந்துள்ள, இரை மிகுந்த புல்வெளிகளை நாய்கள் பெரும்பாலும் தவிர்த்து, இரை குறைந்த புதர்க்காடுகளில் திரிகின்றன. செரெங்கெட்டிப் பூங்காவின் சமவெளியிலிருந்து மறைந்த பிறகும், அதன் கிழக்கே மாசாய் மக்கள் மாடு மேய்க்கும் லோலியோண்டோ பகுதியில் அவை வாழ்ந்து வந்தன.

கழுதைப்புலி வேறு வகையில் தொல்லை தருகிறது. அது இரையைப் பிடுங்கிக்கொள்கிறது. தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் நடந்த ஆய்வு ஒன்று, உணவில் கால் பங்கை இழந்தால் ஒரு நாய் நாளுக்கு மூன்றரை மணி நேரத்துக்குப் பதிலாகப் பன்னிரண்டு மணி நேரம் வேட்டையாட வேண்டியிருக்கும் என்று 1998-இல் கணக்கிட்டது. ஒகவாங்கோவில் நடந்த பிந்தைய அளவீடுகள், வேட்டைக்கு ஆகும் ஆற்றல் அவ்வளவு அதிகம் இல்லை என்று காட்டியதால் அந்தக் கணக்கை எல்லா இடத்துக்கும் பொருத்த இயலாது. எப்படியாயினும், எண்ணிக்கை மிகுந்த கூட்டம் கழுதைப்புலிகளைப் பின்புறம் கடித்து விரட்டி இரையைக் காத்துக்கொள்கிறது. சிறிய கூட்டம் அதை விட்டுவிட்டுப் போகிறது.

இன்று எத்தனை மிஞ்சியுள்ளன? எங்கே?

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் மதிப்பீட்டின்படி வளர்ந்த நாய்கள் ஏறத்தாழ 6,600. அவை ஒன்றோடொன்று பெரிதும் துண்டிக்கப்பட்ட 39 தொகுதிகளாகச் சிதறியுள்ளன. இவற்றுள் இனப்பெருக்கத்தில் உண்மையாகப் பங்கு பெறுபவை 1,400 அளவே. தலைமை இணை மட்டும் ஈனும் வாழ்க்கை முறையால் இந்த இடைவெளி இவ்வளவு பெரிதாக இருக்கிறது. 1990 முதல் இந்த இனம் அழியும் நிலையில் உள்ளதாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. வடக்குப் போட்ஸ்வானாவும் அதை ஒட்டிய நமீபியா, சாம்பியா, சிம்பாப்வே பகுதிகளும், தெற்குத் தான்சானியாவின் செலூஸ், ருவாஹா காடுகளும் மிகப்பெரிய புகலிடங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகலின் நியோகோலோ-கோபா போன்ற மிகச் சில இடங்களே எஞ்சியுள்ளன.

பெரிய பூங்காக்கள் இருக்கும்போது இடம் போதாது என்பது ஏன்?

ஒரு கூட்டம் பல நூறு சதுர கிலோமீட்டரில் நடமாடுகிறது. செரெங்கெட்டியில் இது 1,500 சதுர கிலோமீட்டரையும் தாண்டியது. வளைக்காலத்தில் மட்டும் இப்பரப்பு சுருங்கும். வரைபடத்தில் பெரிதாகத் தெரியும் பூங்காகூட ஒரு கூட்டத்துக்கோ இரண்டுக்கோ மட்டும் போதுமானதாக இருப்பதும், அவை வேலியையும் எல்லைக்கல்லையும் கடந்து செல்வதும் இதன் விளைவு.

இளையவற்றின் பயணம் இதைவிடப் பெரியது. சாம்பியாவின் லுவாங்குவா பள்ளத்தாக்கிலிருந்து 2021-இல் புறப்பட்ட மூன்று சகோதரிகள் ஏறத்தாழ ஒன்பது மாதங்களில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் அலைந்ததைக் கழுத்துப்பட்டை காட்டிக்கொடுத்தது. வழியில் ஊர்களும் சாலைகளும் வயல்களும் நாட்டெல்லைகளும் இருந்தன. இப்படிப்பட்ட பயணங்கள் நின்றுபோனால் புதிய கூட்டம் உருவாகும் வழியே அடைபடும். ஆகவே பூங்காக்களை இணைக்கும் இடைவழிகளைக் காப்பது இந்த இனத்தைப் பொறுத்தவரை கூடுதல் வசதி என்று ஒதுக்கத்தக்கதன்று, அடிப்படைத் தேவை.

கண்ணி இவற்றுக்காகவா வைக்கப்படுகிறது?

இல்லை. இறைச்சிக்காக மான்களைப் பிடிக்க வைக்கப்படும் கம்பிச் சுருக்கு இது. வேலியிலிருந்தோ பழைய மின்வடத்திலிருந்தோ எடுத்த கம்பியை வளையமாக்கி மான் நடக்கும் தடத்தில் மரத்தோடு கட்டிவிடுகிறார்கள். அதே தடத்தில் ஓடிவரும் நாயின் கழுத்தில் அது விழுகிறது. நாய் இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகும். கம்பி அறுந்து தப்பினாலும் வளையம் கழுத்திலேயே தங்கி, தோலையும் தசையையும் அறுத்து உள்ளே இறங்கும். நாளெல்லாம் பரந்த நிலப்பரப்பில் ஓடும் கூட்டம் நிலையாக ஓரிடத்தில் இருக்கும் விலங்கைவிட அதிகமான கண்ணிகளைக் கடந்தாக வேண்டியிருக்கிறது.

சிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவை ஒட்டி இயங்கும் பெயிண்டட் டாக் கன்சர்வேஷன் என்ற அமைப்பு உள்ளூர் ஆட்களைக் கொண்டு நாள்தோறும் காட்டில் நடந்து இந்தக் கம்பிகளை அகற்றுகிறது. அகற்றிய கம்பியால் ஊர் மக்கள் விலங்குருவங்கள் செய்து விற்று வருமானம் பெறுகிறார்கள். நாய்களின் கழுத்துப்பட்டையில் கம்பி அறுத்து இறங்காதபடி தடுப்புகளையும், இரவில் வாகன விளக்கில் ஒளிரும் பட்டைகளையும் பொருத்துகிறார்கள். அப்பகுதியின் நெடுஞ்சாலையில் அடிபட்டு இறக்கும் நாய்கள் பல என்பதால் இது அவசியமாயிற்று.

நோயால் ஒரு கூட்டமே அழியுமா?

அழியும். ஒன்றாக உறங்கி, ஒன்றையொன்று நக்கி, ஒன்றின் வாயிலிருந்து மற்றொன்று உண்ணும் விலங்குகளுக்கிடையே எச்சில் வழியாகப் பரவும் ரேபிஸ் நுழைந்தால் தடுக்க வழியில்லை. கூட்டத்தைக் கட்டிக்காக்கும் நெருக்கமே நோய்க்கும் பாதையாகிறது. தான்சானியாவின் செரெங்கெட்டியில் ஆய்வில் இருந்த கூட்டங்கள் 1991-க்குள் மறைந்தன. ரேபிஸ் அதில் முக்கியப் பங்கு வகித்தது. ஆய்வாளர்கள் நாய்களைப் பிடித்துக் கையாண்டதால் ஏற்பட்ட அழுத்தம் நோயெதிர்ப்பைக் குறைத்தது என்று ஒரு தரப்பு வாதிட்டதால் நெடுங்காலம் கடும் விவாதமும் நடந்தது. தென்னாப்பிரிக்காவின் மடிக்வே காப்பகத்தில் புதிதாக விடப்பட்ட கூட்டத்தை 1997-இல் ரேபிஸ் ஏறக்குறைய அழித்தது. டிஸ்டெம்பர் என்ற நச்சுயிரி நோய், தான்சானியாவின் ம்கோமாசியில் காப்பிட இனப்பெருக்கத்துக்காக வைத்திருந்த 52 நாய்களில் 49-ஐ 2000–2001-இல் கொன்றது. கென்யாவின் லைக்கிப்பியாவில் மீண்டு பெருகியிருந்த நாய்களைப் பெருமளவு அழித்ததும் 2017-இல் பரவிய அதே நோய்தான்.

இந்நோய்கள் பல முறை ஊர் நாய்களிடமிருந்து வருகின்றன. ஊர் நாய்களுக்குத் தடுப்பூசி போடுவது மனிதருக்கும் நன்மை தருவதால் பல இடங்களில் முதலில் அதுவே மேற்கொள்ளப்படுகிறது. காட்டு நாய்களுக்கே ஊசி போடுவது பற்றி இன்னும் எச்சரிக்கை உண்டு என்றாலும், சிறிய, தனித்த தொகுதிகளில் ஒவ்வொரு கூட்டத்திலும் சிலவற்றுக்காவது ரேபிஸ் தடுப்பு அளிப்பது நியாயம் என்றே நான் கருதுகிறேன். மற்றொரு மடிக்வேயைத் தாங்கும் எண்ணிக்கை அத்தொகுதிகளிடம் இல்லை.

ஆடுமாடுகளைக் கொல்வதால் மக்கள் இவற்றை வெறுப்பது நியாயமில்லையா?

ஆட்டை இழந்த குடும்பத்தின் துயரத்தைச் சிறிதாக்கிப் பேசக் கூடாது. ஒரே வேட்டையில் பல ஆடுகளைக் கொன்ற நிகழ்வுகளும் உண்டு. ஆனால் லைக்கிப்பியாவில் மேய்ச்சல் நிலங்களில் நடந்த நீண்ட ஆய்வு, குறைந்த அளவேனும் காட்டு இரை எஞ்சியிருக்கும் இடங்களில் இவை கால்நடையை மிக அரிதாகவே தாக்குகின்றன என்றும், காட்டு மான்கள் முற்றிலும் அருகிய இடத்திலேயே இழப்பு கடுமையாகிறது என்றும் காட்டியது. பகலில் மேய்ப்பவர் கூடவே இருப்பதும், இரவில் முள்வேலிப் பட்டியில் அடைப்பதும் அங்கே பழைய வழக்கம்; அவ்வழக்கம் தொடரும் இடங்களில் மோதல் குறைவு. போட்ஸ்வானாவில், அந்நிய நாய்க் கூட்டத்தின் சிறுநீர் வாசனையைக் காப்பக ஓரங்களில் இட்டு, எல்லை தாண்டி கால்நடைப் பகுதிக்குள் போகாமல் திருப்ப முடியுமா என்றும் முயன்று வருகிறார்கள்.

வெப்பம் கூடுவதால் பாதிப்பு உண்டா?

உண்டு. வெயில் ஏறினால் வேட்டை நேரம் சுருங்கும். போட்ஸ்வானா, கென்யா, சிம்பாப்வே மூன்றிலும், வளைக்காலம் அதிக வெப்பமாக இருந்த ஆண்டுகளில் பிழைத்த குட்டிகள் குறைவு என்பது 2017-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. ஒகவாங்கோ நாய்கள் குளிர்ந்த பருவத்தைத் தேடித் தம் ஈற்றை முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று வாரம் தள்ளிப்போட்டுள்ளன என்று 2022-இல் வெளியான மற்றோர் ஆய்வு கண்டது. ஈனும் நாட்கள் தணிந்த காலத்தில் அமைந்தாலும், குட்டிகள் வளரும் பின் மாதங்களின் வெப்பத்திலிருந்து தப்ப முடியவில்லை; பிழைத்த குட்டிகளின் எண்ணிக்கை சரிந்துகொண்டே வந்தது.

இவற்றை வேறிடத்தில் விட்டு மீண்டும் வளர்க்க முடியுமா?

முடியும், கூட்டத்தை முறையாக அமைத்தால். கூண்டில் பிறந்து வளர்ந்த நாய்களை மட்டும் நமீபியாவின் எட்டோஷாவில் விட்ட முயற்சிகள் தோற்றன. அவற்றுக்கு வேட்டையும் சிங்கமும் பழக்கமில்லை. மடிக்வேயில் 1995-இல் காட்டில் பிடித்த ஆண்களோடு கூண்டில் வளர்ந்த பெண்களைச் சேர்த்து விட்டபோது, அனுபவமுள்ளவற்றைப் பின்பற்றி மற்றவை வேட்டை கற்றன. பின்னர் தென்னாப்பிரிக்கா முழுவதும் வேலியிட்ட சிறு காப்பகங்களை ஒரே தொகுதியாகக் கருதி நிர்வகிக்கும் முறை வளர்ந்தது. ஒரு காப்பகத்தின் சகோதரர்களையும் மற்றொன்றின் சகோதரிகளையும் கம்பிவேலி இடையிட்ட பக்கத்துப் பக்கத்து அடைப்புகளில் வைத்து, அவை வேலியோரம் ஒன்றாகப் படுக்கத் தொடங்கிய பின் வேலியை நீக்கி, சில வாரம் சேர்த்து வைத்துப் பிறகு திறந்துவிடுகிறார்கள். இயற்கையில் இளையவை நடந்து செய்யும் வேலையை இங்கே லாரியும் விமானமும் செய்கின்றன.

மொசாம்பிக்கின் கொரொங்கோசா பூங்காவில் உள்நாட்டுப் போருக்குப் பின் நாய்கள் இல்லாமற்போயின. தென்னாப்பிரிக்காவிலிருந்து 14 நாய்களை 2018-இல் கொண்டுவந்தார்கள். இரை நிறைய, சிங்கம் குறைவு என்ற நிலையில் அவை விரைவில் ஈன்று, புதிய கூட்டங்களாகப் பிரிந்தன.

நேரில் காணச் செல்பவர் என்ன கவனிக்க வேண்டும்?

ஒகவாங்கோ, சிம்பாப்வேயின் மானா பூல்ஸ், குரூகர் ஆகியவை வாய்ப்பு அதிகமுள்ள இடங்கள். வளைக்காலமான மே முதல் ஆகஸ்ட் வரை கூட்டம் ஓரிடத்தில் தங்கும் என்பதால் காண்பது எளிது. அதே காலத்தில்தான் தொந்தரவும் மிகுந்த தீங்கு செய்யும். வளைக்கு அருகில் வண்டியை நிறுத்தினால் தாய் குட்டிகளை வேறு வளைக்கு மாற்றக்கூடும். மாற்றும் வழியில் குட்டிகள் இறப்பதுண்டு. வளையின் இருப்பிடத்தைச் சமூக ஊடகங்களில் வெளியிடாதீர்கள். வேட்டையின்போது வண்டியால் பின்தொடர்வது இரைக்கும் நாய்க்கும் இடையே புகுவதாகும். பக்கவாட்டில் இருபுறமும் தோல் திட்டுகள் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து, நாளும் இடமும் குறித்து, அந்தப் பகுதியில் கணக்கெடுப்பு நடத்தும் ஆய்வுக்குழுவுக்கு அனுப்புங்கள். குரூகரில் 1989 முதல் இத்தகைய ஒளிப்படக் கணக்கெடுப்புகள் சில ஆண்டுகளுக்கொருமுறை பெருமளவு பயணிகளின் படங்களைக் கொண்டே நடத்தப்பட்டு வந்துள்ளன.